வெரோணிக்காவின் குரல்

மணவாளக்குறிச்சி
19.1.2025

அன்புள்ள ஷிபா அக்காவுக்கு (இன்னும் கொஞ்ச நாளில் சிஸ்டர் அம்மா),

இயேசுவுக்குப் புகழ். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி தேவலை. அப்பாவுக்கு இருமல் நின்றபாடில்லை, பீடியும் நின்றபாடில்லை. உன் சுகத்தை எழுது. ஊரெல்லாம் போனில் பேசித் தீர்க்கும்போது உனக்காக நான் மட்டும் தபாலாபீஸ் படி ஏறுகிறேன். ஜாஸ்பர் அண்ணன் ஸ்டாம்பைத் தரும்போதே சிரிக்கிறார். "கான்வென்ட்டுல ஆளு இல்லேன்னா எங்க ஆபீஸப் பூட்டிருவாவ பிள்ளே" என்கிறார்.

சேதி என்னவென்றால் அப்பா சம்மதித்துவிட்டார். முழுச் சம்மதம் இல்லை, ஜூன் வரைக்கும் உள்ள சம்மதம். "இந்த ஒரு வருசம் ஓடிப் பாரு மக்கா. ஜூன் கழிஞ்சும் ஒரு காலேஜும் எடுக்கலேன்னா பேசாம ஆன்றோகூட தோஹாவுக்குப் போயிரணும், கேட்டியா?" என்றார். அண்ணன் அங்கே அவன் வேலை பார்க்கும் சூப்பர் மார்க்கெட்டில் எனக்குக் கணக்கு எழுதும் சீட்டைப் பிடித்து வைத்திருக்கிறானாம். பி.காம். படித்தவளை நடிப்புப் படிக்க விடும் அப்பா இந்தக் கடற்கரையில் வேறு யாரும் இல்லை, அதனால் நான் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் தோஹா என்று யாராவது சொன்னாலே எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

நாலு இடத்துக்குப் போட்டிருக்கிறேன். சென்னை, புதுச்சேரி, பெங்களூரு, பிறகு கேரளத்தில் ஒன்று. எல்லாம் நேரில் போய் நடித்துக் காட்ட வேண்டும். சென்னையில் முதலில் வீடியோ கேட்டார்கள். போன பெரிய வெள்ளி நாடகத்தில் நான் இயேசுவின் முகம் துடைக்கும் வெரோணிக்காவாக வந்ததை வெட்டி அனுப்பிவிட்டேன். நம் நாடகத்தை நினைத்தால் சிரிப்பு வருகிறது. கடல் காற்றில் மைக் இரையும் என்று ஆன்ட்ரூஸ் மாமா என்றைக்கோ நாகர்கோவில் ஸ்டூடியோவில் எல்லோர் வசனத்தையும் பதிந்து வைத்துவிட்டார். வருடா வருடம் அதைப் போட்டு நாங்கள் வாயசைக்கிறோம். பிலாத்துவுக்குப் பேசினவர் செத்துக் கல்லறைத் திருநாள்கூடக் கண்டாயிற்று, பிலாத்து இன்னும் தீர்ப்புச் சொல்கிறான். வெரோணிக்காவுக்குக் குரல் நீ, உடம்பு நான். ஆறு வருடம் நான் ஆடினேன். பார்க்கிறவர்கள் அழாமல் போனதில்லை.

எனக்காக ஒரு ஜெபமாலை அதிகமாகச் சொல். அந்த வசனத்தை நீ எப்படி மூச்செடுத்துச் சொன்னாய் என்றும் எழுது. சென்னையில் அதைத்தான் செய்யப்போகிறேன்.

உன் தங்கை
அபினா

---

நவதுறவு இல்லம், கொடைரோடு
2.2.2025

இயேசுவில் அன்பு நிறைந்த தங்கை அபினாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இறைவன் அருளால் நான் சுகம். அப்பாவின் பீடியைப் பற்றி எழுதியிருந்தாய். ஒளித்து வைப்பதால் பலனில்லை, கடலுக்குப் போகும் வள்ளத்தில் இன்னொரு கட்டு இருக்கும்.

இங்கே மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் கடிதம் எழுதலாம். எழுதியதை எங்களைப் பயிற்றுவிக்கும் மிஸ்ட்ரஸ் சிஸ்டர் வாசித்த பிறகுதான் உறை ஒட்டுவோம். ஆகவே செல்லத்தாய் அக்கா கடையில் கேட்ட ஊர்க்கதைகளை எழுதும்போது கொஞ்சம் சுருக்கி எழுது. நாங்கள் நவதுறவிகள் ஐந்து பேர். காலையில் ஜெபம், பிறகு மாட்டுத்தொழுவம், பிறகு வகுப்பு. ஜூன் மாதம் திரு இருதயத் திருநாளன்று எங்களுக்கு முதல் வார்த்தைப்பாடு, அன்றைக்குத்தான் கன்னியராக வாக்குக் கொடுப்போம். அப்பா இப்போதே வண்டி பிடிக்கும் பேச்சில் இருப்பார், எனக்குத் தெரியும். அவரைப் பொறுமையாக இருக்கச் சொல்.

வசனம் கேட்டாய். "வழியை விடுங்கள் வீரர்களே!" என்பது வரைக்கும் ஒரே மூச்சு. அதன் பிறகு நிறுத்தி, மூக்கால் இழுத்து, "ஒரு முகத்தைத் துடைக்க யாருடைய உத்தரவு வேண்டும்?" என்பதைத் தாழ்த்திச் சொன்னேன். ஆன்ட்ரூஸ் மாமா கத்தச் சொன்னார். நான் கத்தவில்லை. அன்றைக்கு எனக்குத் தொண்டை கட்டியிருந்தது, அவ்வளவுதான். ஊர் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டது.

பயப்படாதே. உனக்குள்ள இடத்தை ஆண்டவர் ஆயத்தப்படுத்தி வைத்திருப்பார். கிடைக்காவிட்டாலும் அவருடைய சித்தம் என்று ஏற்றுக்கொள்ளும் மனம் வேண்டும். ஜெபத்தில் நினைக்கிறேன்.

அன்பு அக்கா
ஷிபா

---

மணவாளக்குறிச்சி
20.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உன் சுகத்துக்கு மன்றாடுகிறேன்.

சென்னையில் எடுக்கவில்லை. மெயிலில் ஒரே ஒரு வரி. 'தாங்கள் தேர்வு செய்யப்படவில்லை' என்று மரியாதையாகத்தான் போட்டிருந்தார்கள். இதற்கு எதற்குத் தாங்கள்?

ஒரு சார் என் பேச்சைக் கேட்டுவிட்டு "மலையாளமா?" என்றார். இல்லை சார், கன்னியாகுமரி என்றேன். "அதான், ராகம் போட்டுப் பேசுற" என்றார். இன்னொருவர் வீடியோவைப் பற்றி என்னவோ கேட்டார். அதை விடு.

இங்கே வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் எனக்கு ஆகவில்லை. அம்மா மீன் பெட்டியைத் தலையில் வைக்கும்போது என்னைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரிப் போகிறாள். அப்பா எனக்கு வாவல் மீன் பொரித்துத் தரச் சொல்கிறார். வாவல் என்றாலே வீட்டில் யாருக்கோ சரியில்லை என்று அர்த்தம். தெருவில் இறங்கினால் "என்னவாச்சு மோளே மெட்ராஸ் காரியம்?" நேற்று பொறுக்க முடியாமல் ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். அது திருவட்டாறுக்குப் போயிற்று. அங்கே இறங்கி, கோயில் மதிலைச் சுற்றி ஒரு நடை நடந்து, ஒரு சர்பத் குடித்து, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். எதற்குப் போனேன் என்று இப்போதும் தெரியவில்லை.

ஆண்டவர் சித்தம் என்று எழுதியிருந்தாய். சித்தத்தைச் சொல்ல அவர் ஏன் அந்தச் சாரைப் பிடித்தார்?

அபினா

---

கொடைரோடு
2.3.2025

அன்புள்ள அபினா,

சுகம். நீ வருந்தியது எனக்கும் வருத்தம். 'அதை விடு' என்று நீ எழுதினால் அதுதான் காரியம் என்பது உன்னைத் தூக்கி வளர்த்தவளுக்குத் தெரியாதா? வீடியோவைப் பற்றி என்ன கேட்டார்கள்? ஒளிக்காமல் எழுது.

வருகிற புதன் சாம்பல் புதன். தவக்காலத்தில் இங்கிருந்து கடிதம் போகாது. வருகிற கடிதங்களையும் ஈஸ்டர் ஞாயிறான பாஸ்கா அன்றுதான் சேர்த்துத் தருவார்கள். நீ பாட்டுக்கு எழுது. நான் பதில் போடவில்லை என்று கோபிக்கக் கூடாது.

இங்கே பனி குறைந்துவிட்டது. பசு ஒன்று கன்று போட்டிருக்கிறது. வார்த்தைப்பாட்டு உடுப்புக்கு நாலு பேருக்கும் அளவு எடுத்தாயிற்று. தைக்கிற அம்மா வாய் ஓயாமல் பேசுகிறவள், மௌன நேரம் என்றுகூடப் பார்க்கவில்லை. அப்பாவிடம் வண்டிக்கு அவசரம் வேண்டாம் என்று இன்னொரு தடவை சொல். இன்னும் நாள் கிடக்கிறது.

தேர்வு செய்கிறவர்கள் மேல் கசப்பு வைக்காதே. அவர்களுக்கும் அவர்கள் நியாயம் இருக்கும். இருக்க வேண்டும்.

அன்பு அக்கா
ஷிபா

---

மணவாளக்குறிச்சி
23.3.2025

அக்கா,

நீ இதைப் பாஸ்காவுக்குத்தான் படிப்பாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். சுகமா? எனக்குச் சுகமில்லை. காய்ச்சல் ஒன்றும் இல்லை, கால் ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.

வீடியோவைக் கேட்டாயே. சென்னையில் அதைப் பெரிய திரையில் போட்டுப் பார்த்தார்கள். எல்லோருக்கும் பிடித்திருந்தது. "குரல் பிரமாதம்மா, அதையே இங்க ஒருமுறை சொல்லு" என்றார்கள். சொன்னேன். மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். "இது உன் குரல் இல்லையே?" என்றார் ஒருவர். "இல்ல சார், அது எங்க அக்காளுக்க குரல்" என்றேன். நம் ஊரில் இது ஒரு கேள்வியா? பிலாத்து செத்த கதையைக்கூடச் சொல்லப் பார்த்தேன். அவர்கள் கேட்கிற நிலையில் இல்லை. "ஏமாத்தறது முதல் நாளே ஆரம்பிச்சாச்சா?" என்றார். எனக்கு மண்டையில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. நான் ஏமாற்றுகிறேன் என்று எனக்கே அதுவரை தெரியாது.

புதுச்சேரியில் வீடியோ கேட்கவில்லை, நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். போய் நின்றேன். கையை நீட்டினேன், முகத்தைத் திருப்பினேன், எல்லாம் சரியாக வந்தது. வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை அக்கா. உன் குரல் ஸ்பீக்கரில் வரும் என்று என் உடம்பு நின்றுவிட்டது. பிறகுதான் நினைவு வந்து பேசினேன். ஒவ்வொரு வசனத்துக்கும் அப்படித்தான். அங்கே வயதான ஒரு டீச்சர், நல்லவர்தான், மெல்லக் கேட்டார்: "யாருக்காகம்மா காத்துக்கிட்டு நிக்கிற?"

அங்கேயும் எடுக்கவில்லை. உன்மேல் எனக்குக் கோபமாக வருகிறது. நீ கான்வென்ட்டுக்குப் போகும்போது என் குரலையும் உன் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்விட்டாய். இதை மிஸ்ட்ரஸ் சிஸ்டரும் படிக்கட்டும்.

அபினா

---

மணவாளக்குறிச்சி
19.4.2025, பெரிய சனி

அன்புள்ள அக்காவுக்கு,

நாளைக்குப் பாஸ்கா. உனக்கும் உன்னோடு உள்ளவர்களுக்கும் வாழ்த்து.

நேற்று நாடகம். இந்த வருடம் நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். ஆன்ட்ரூஸ் மாமா வீட்டுக்கே வந்து, "ஏட்டி, காலேஜுக்காரன் எடுக்கலேன்னா எங்களையும் எடுக்க மாட்டியா?" என்று சண்டை போட்டார். பிறகு ஆன்ஸ்லினை வெரோணிக்கா ஆக்கினார்கள். பத்தாம் கிளாஸ் பிள்ளை, ஒல்லி. நான் கூட்டத்தோடு மணலில் நின்றேன். உன் குரல் வந்தது. நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டுதான் நின்றேன். பக்கத்தில் நின்ற மாமி என் கையைப் பிடித்து, "நீயும் அவகூடச் சொல்லுகியா பிள்ளே?" என்றாள். என் உதடு அதுபாட்டுக்கு அசைந்துகொண்டிருந்திருக்கிறது.

மத்தியானம்தான் பெங்களூரு மெயில் வந்திருந்தது. அங்கே நான் காத்து நிற்கவில்லை. நீ எழுதிக் கொடுத்த மூச்சை அப்படியே பிடித்து, நீ தாழ்த்திய இடத்தில் தாழ்த்தி, அச்சு அசலாக உன்னைப் போலவே பேசிவிட்டு வந்தேன். வெளியே வந்தபோது எனக்கே பெருமை. 'பிறரைப் பின்பற்றும் தன்மை மிகுதி' என்று எழுதியிருக்கிறார்கள். மற்ற இரண்டு பேரும் காரணம் சொல்லவில்லை என்று அழுதேன். இவர்கள் சொல்லிவிட்டார்கள், அதற்கும் அழுதேன்.

இனி கேரளம் ஒன்றுதான் பாக்கி. மே மாதக் கடைசியில். அண்ணன் என் பாஸ்போர்ட் நகல் கேட்டு மெசேஜ் போட்டிருக்கிறான்.

தூக்கம் வராமல் உன் கடிதங்களைத் திரும்ப எடுத்துப் படித்தேன். பிப்ரவரியில் 'நாங்கள் ஐந்து பேர்' என்று எழுதியிருக்கிறாய். மார்ச்சில் 'நாலு பேருக்கும் அளவு எடுத்தாயிற்று' என்று எழுதியிருக்கிறாய். யாருக்கு எடுக்கவில்லை?

அபினா

---

கொடைரோடு
4.5.2025

அன்புள்ள அபினா,

இயேசுவுக்குப் புகழ். உன் முதல் கடிதம் பாஸ்கா அன்றும் அடுத்தது அந்த வாரத்திலும் கைக்கு வந்தன. நான் சுகம். கன்று நன்றாக ஓடுகிறது. பலா காய்த்துத் தொங்குகிறது, பறிக்க ஆள் இல்லாமல் நானே ஏறினேன். மிஸ்ட்ரஸ் சிஸ்டர் கீழே நின்று ஜெபம் சொன்னார்.

என்மேல் கோபம் என்றாய். கோபப்படு. அந்த மூச்சை உனக்கு நான் எழுதி அனுப்பியிருக்கக் கூடாது. என் தொண்டைக்கட்டை நீ மனப்பாடம் செய்துகொண்டு பெங்களூரு வரை போயிருக்கிறாய். இனி வெரோணிக்காவைத் தொடாதே. நீ சின்னப் பிள்ளையில் அப்பாவிடம் சண்டை போடும்போது தெருவே கேட்கும், நினைவிருக்கிறதா? அதற்கு யாரும் உனக்கு வசனம் பதிந்து தரவில்லை.

ஆன்ஸ்லினைப் பற்றி நல்லபடியாகப் பேசு. அண்ணனுக்கு நகலை இப்போது அனுப்ப வேண்டாம். அம்மாவை நெய்யூர் ஆஸ்பத்திரியில் முட்டுவலியைக் காட்டச் சொல்.

நீ கேட்ட மற்றவற்றுக்கெல்லாம் பதில் எழுதிவிட்டேன்.

அக்கா
ஷிபா

---

மணவாளக்குறிச்சி
11.5.2025

அன்பு மகள் ஷிபாவுக்கு அம்மா சகாயசெல்வி எழுதுவது.

நாங்கள் சுகம், நீயும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். மிஸ்ட்ரஸ் அம்மாவுக்கு என் தோத்திரம் சொல். வார்த்தைப்பாட்டுக்கு எத்தனை பேர் வரலாம் என்று கேட்டு எழுத நீ மறந்துவிட்டாய். அப்பா பிபினிடம் பெரிய வண்டி சொல்லிவிட்டார். கோயில் முன்னால் உன் படம் போட்டு பேனர் வைக்கப் பங்குப் பேரவையில் முடிவாகியிருக்கிறது. எந்தப் படம் கொடுக்க என்று எழுது. இந்தத் தெருவிலிருந்து ஒரு கன்னியாஸ்திரி போய் எவ்வளவு காலமாயிற்று. எனக்கு மீன் சந்தையில்கூட இப்போது மரியாதைதான்.

அபினா காரியம்தான் மனசுக்குச் சரியில்லை. காலையிலும் மாலையிலும் கடல் ஓரமாக நடக்கிறாள். யாரிடமோ சண்டை போடுவது போல் கையை ஆட்டிப் பேசிக்கொண்டே போகிறாள். மணல் கம்பெனி வரை போய்த் திரும்புகிறாளாம். கேட்டால் "பிராக்டிசு" என்கிறாள். நீ ஜெபித்தால் கேட்கும், உனக்குக் கேட்காமல் யாருக்குக் கேட்கும்? உடனே பதில் எழுது மக்களே.

அம்மா

---

மணவாளக்குறிச்சி
25.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? அம்மா எழுதிய கடிதத்துக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. மாதம் ஒன்றுதான் எழுதலாம் என்று அம்மாவுக்குச் சொல்லிச் சமாளித்திருக்கிறேன். என்னைச் சமாளிக்க ஆள் இல்லை.

கேரளத்துக்குப் போய்விட்டு வந்தேன். ரயிலில் போகும்போதே முடிவு செய்தேன், வெரோணிக்கா வேண்டாம், புத்தகத்திலிருந்து ஒரு பகுதி செய்வோம் என்று. மனப்பாடம்தான். என் பெயரைக் கூப்பிட்டார்கள், உள்ளே போனேன். ஒரு நாற்காலி போட்டிருந்தது. அதில் யாரோ உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டு பேசச் சொன்னார்கள். நாற்காலியைப் பார்த்ததும் படித்ததெல்லாம் போயிற்று. நீதான் அதில் உட்கார்ந்திருந்தாய். முதுகை நேராக்கிக்கொண்டு, கையைக் கோத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி.

பிடித்துக்கொண்டேன் உன்னை. "ஏட்டி, அஞ்சு பேருன்னு சொன்னது நீதானே? நாலு உடுப்புன்னு சொன்னதும் நீதானே? நான் என்ன எண்ணத் தெரியாத பிள்ளையா? பலாக்கா கதை எழுதுகா, கன்னுக்குட்டி கதை எழுதுகா! எனக்குத் தோத்தா நாலு பேருட்ட சொல்லி அழுகேன், பஸ்ஸேறிப் போறேன். உனக்குத் தோத்தா நீ எங்கன போவ? உனக்கு அங்கன பஸ்ஸு உண்டா?" இப்படியே போயிற்று. உன்னை ஏட்டி என்று கூப்பிட்டது தப்புத்தான், அந்த நேரத்தில் அப்படித்தான் வந்தது. எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியாது. நாற்காலிக் காலை உதைத்ததும் உண்டு. நிறுத்தியபோது முகமெல்லாம் நனைந்திருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. மலையாளமா தமிழா என்றும் கேட்கவில்லை. எல்லாம் புரிந்திருந்தது அவர்களுக்கு. ஒரு மேடம் மட்டும், "இது யாரு எழுதியது?" என்றார். "யாரும் எழுதல்ல மேடம், இப்பம் வந்தது" என்றேன்.

ஜூன் பத்துக்குள் சொல்வார்களாம். கிடைக்குமா என்று நினைத்துப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அங்கே நாற்காலியிடம் கேட்டதை இப்போது உன்னிடமே கேட்கிறேன். அந்த ஐந்தாவது ஆள் நீதானா?

அபினா

---

கொடைரோடு
8.6.2025

அன்புள்ள அபினா,

இந்தக் கடிதத்தை யாரும் வாசிக்கவில்லை. உறையை என்னையே ஒட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அப்படிச் சொன்னபோதுதான், நான் இனி இந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்பது எனக்கு உறைத்தது.

ஆமாம், நான்தான். பிப்ரவரிக் கடைசியில் மடத்துத் தலைவி மதர் கூப்பிட்டு, உன் காரியத்தில் எங்களுக்குத் தெளிவு இல்லை, தவக்காலம் முழுவதும் ஜெபிப்போம் என்றார். நானும் ஜெபித்தேன். மாட்டுத்தொழுவத்தை முன்பைவிடச் சுத்தமாகக் கழுவினேன். பூசையில் ஒரு வாசகத்தைப் படிக்கும்போதுகூடத் தடுமாறவில்லை. போன வாரம் முடிவு சொன்னார்கள். ஆண்டவர் என்னை வேறு வழியில் அழைக்கிறாராம். என்னிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை அபினா. அவர்களிடம் சொல்லியிருக்கிறார். காரணம் கேட்டேன். மதர் என் தலையில் கை வைத்துச் சிலுவை போட்டார். அன்பாகத்தான் போட்டார். காரணம் சொல்லவில்லை.

உனக்கு நான் எழுதின புத்தியெல்லாம் நினைவு வருகிறது. சித்தம் என்று ஏற்றுக்கொள்ளும் மனம் வேண்டும் என்று என்ன சுலபமாக எழுதினேன்! எனக்கு அந்த மனம் இல்லை. இரவும் பகலும் உள்ளே ஏதோ ஓடிக்கொண்டே இருக்கிறது. நடந்துகொண்டே இருக்கிறேன். நீ திருவட்டாறுக்கு எதற்குப் போனாய் என்று இப்போது எனக்குத் தெரியும்.

பதினாறாம் தேதி என்னை அனுப்புகிறார்கள். நான் தனியாகவே ரயிலில் வந்துவிடுவேன். அப்பாவிடம் இப்போது சொல்லாதே. பேனர், வண்டி, அம்மாவின் சந்தை மரியாதை, எல்லாம் என்னால்தான் போகப்போகிறது. ஒன்று மட்டும் எழுது. குருசடி முக்கிலிருந்து நம் வீட்டு வாசல் வரை அத்தனை பேர் முன்னால் எப்படி நடப்பது? நீ நடந்திருக்கிறாய். எனக்கு அது தெரியவில்லை.

ஷிபா

---

மணவாளக்குறிச்சி
12.6.2025

என் ஷிபா அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. சுகமா என்று கேட்கப் போவதில்லை. இங்கே அப்பாவின் இருமல்கூடச் சுகமாக இருக்கிறது.

முதலில் நீ கோபப்படும் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் எழுந்து கடற்கரைக்குப் போனார். மத்தியானம் சோற்றுக்கு வரவில்லை. அம்மா அடுக்களையில் இருந்து அழுதாள், பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, "அங்கன அவளுக்கு நல்ல சாளை மீனு கெடச்சிருக்காது" என்று சந்தைக்குக் கிளம்பிவிட்டாள். சாயங்காலம் அப்பா வந்து பிபினுக்குப் போன் போட்டார். வண்டி வேண்டாமா மாமா என்று அவன் கேட்டிருப்பான் போல. "வேண்டாம்னு யாருலே சொன்னா? ஆளு குறையும், அவ்வளவுதான். பிள்ளைய விளிச்சிட்டு வரணும்லா?" என்று சத்தம் போட்டார். ஆகையால் நீ ரயில் ஏற வேண்டாம். பதினாறு காலையில் நாங்கள் மூன்று பேரும் கொடைரோட்டில் நிற்போம், கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரிப் பெரிய வண்டியில்.

இனி உன் கேள்வி. இந்தப் படிப்பில் நான் பட்டம் வாங்கினவள், நீ இப்போதுதான் சேர்கிறாய், அதனால் சொல்வதைக் கேள். வந்த அன்றைக்கு ஒன்றும் இருக்காது, எல்லோரும் அன்பாக இருப்பார்கள். அதற்குப் பிறகுதான் கஷ்டம். வீட்டுக்குள் ஒளிந்தால் தேடி வந்து உட்கார்ந்துவிடுவார்கள், அதனால் மறுநாளே அம்மாவோடு சந்தைக்குப் போய்விடு. காரணம் மட்டும் யாருக்கும் சொல்லாதே. ஒரு காரணம் கொடுத்தால் அடுத்த நாள் அதற்கு மருந்தோடு வருவார்கள். எல்லாம் நல்லதுக்குத்தான் என்று சொல்கிறவர்களை அடிக்கக் கூடாது. நான் ரொம்பக் கஷ்டப்பட்டுக் கட்டுப்படுத்தியிருக்கிறேன். பஸ் ஏற வேண்டும் என்று தோன்றினால் ஏறு, ஆனால் என்னையும் கூட்டிக்கொண்டு போ, அந்தச் சர்பத் நன்றாக இருக்கும். அப்புறம் ஒன்று, அவர்கள் சொல்லாத காரணத்தை நீயாக எழுதிக்கொள்ளாதே. சென்னை மெயிலை நான் எத்தனையோ தடவை திருப்பித் திருப்பிப் படித்தேன். அந்த ஒரு வரிக்குள் வேறு எதுவும் ஒளிந்திருக்கவில்லை.

எனக்குக் கேரளத்தில் இடம் கிடைத்திருக்கிறது அக்கா. உன் கடிதம் வருவதற்கு முந்தின நாள் தெரிந்தது. உனக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தேன், குதித்துக் குதித்து எழுதினது. உன்னுடையதைப் படித்ததும் அதைக் கிழித்துவிட்டேன். இந்தச் சேதியையே மறைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, நீ நாலு ஐந்து என்று மறைத்து என்னைப் படுத்தின பாடு போதும் என்று தோன்றியது. எனக்குச் சந்தோஷம்தான். உனக்கு இப்படி ஆனதில் துக்கம்தான். இரண்டும் ஒரே வயிற்றில்தான் கிடக்கிறது. நாற்காலியில் நீ உட்கார்ந்திருக்காவிட்டால் எனக்குப் பேச்சு வந்திருக்காது, அதையும் சொல்ல வேண்டும். ஜூலையில்தான் போக வேண்டும். அதுவரை உன் கூடவே இருப்பேன்.

வண்டி நம் தெருவுக்குள் நுழையாது, குருசடி முக்கில்தான் நிற்கும். செல்லத்தாய் அக்கா கடை முன்னால் கூட்டம் இருக்கும். "என்ன மோளே, லீவா? எப்பம் திரும்பப் போவ?" என்று கேட்கத்தான் செய்வார்கள். நீ ஒரு பதிலும் யோசித்துக்கொண்டு வராதே. பெட்டியை அப்பா எடுப்பார். நான் உன்னை ஒட்டினாற்போல் வருவேன். கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் பேசுகிறேன், எனக்கு இப்போது சொந்தத்தில் ஒரு குரல் இருக்கிறது, சத்தமும் கொஞ்சம் கூடுதல்தான். ஆறு வருடம் நீ பேசினாய், நான் நின்றேன். இந்தத் தடவை நீ நில். வாயை மட்டும் அசைத்தால் போதும்.

உன் தங்கை
அபினா